கண் மதிப்பு

பென்னாகரம் புளி மண்டியில்
மூட்டை நிறுக்கும் தராசில்
ஆட்டை ஏற்றியது நான்தான்.
சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள்.
நாலு காலையும் சேர்த்துப் பிடித்து
கோணிக்குள் உட்காரவைத்தேன் குள்ளச்சியை.
கழுத்து மட்டும் வெளியே,
கொட்டை எடுக்கும் பெண்களைப் பார்த்துக் கத்திக்கொண்டு.

இருபத்தேழு கிலோ அறுநூறு.

பதினெட்டு என்று வைத்திருந்தேன்
நாலு வருஷமாக.

ஒரு பாட்டில் வெள்ளை மருந்து
முப்பத்தொரு ஆட்டுக்கும் வரவேண்டும்,
அதுதான் என் கணக்கு.
மூடியில் முக்கால், குட்டிக்குக் கால்.
கடைசி ஆட்டுக்குத் தண்ணீர் விட்டுக் குலுக்கியதும் உண்டு.
கடைவாயில் ஊற்றி, தொண்டை இறங்குகிறதா பார்த்து
நெற்றியில் சுண்ணாம்பால் ஒரு கோடு.
கோடு போட்டதற்கு ஒன்றும் வராது என்று
மாதையனிடம் அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

ஐப்பசியில் தாடைக்கடியில் நீர் கோத்தது.
மேய்ந்து திரும்பினால் பைபோலத் தொங்கும்,
விடிந்தால் காணாமல் போயிருக்கும்.
ஆறு செத்தன.
ஏழாவது, வெள்ளைக்காது,
படலைத் தாண்டாமல் படுத்துக்கொண்டது.

ஏரியூர் ஆஸ்பத்திரியில் ரெஜினா டாக்டர்
கீழ் இமையை இழுத்துக் காட்டினார்.
வெற்றிலை போட்ட வாயாக இருக்கவேண்டியது
உரித்த பூண்டாக இருந்தது.
மருந்து குடித்த பத்தாம் நாள் புழுக்கை கேட்டார்.
குழாயில் கண்வைத்து முட்டைகளை எண்ணினார்,
நிறுத்தவே இல்லை.
(புழுக்கை. அந்தச் சொல்லுக்குள்ளேயே
இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை.)

"அரை அடி வாங்கின புழு சாகாதும்மா,
அடியை அளந்து வச்சுக்கும்.
அதோட பிள்ளைங்க உங்க மருந்தைப் பாலா குடிக்கும்."

நல்லம்பள்ளிச் சந்தையில்
இதே குள்ளச்சியை
முப்பது கிலோ, ஒரு கிராம் குறையாது என்று
தரகனிடம் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவள் நான்.
விலை படியாமல் ஓட்டிவந்தேன்.
மருந்துக்கு மட்டும்
வழியிலேயே இளைத்துவிட்டாள்.

இப்போது வேறு மருந்து.
எல்லாவற்றுக்கும் ஊற்றுவதில்லை.
வெளுத்த இமைக்கு மட்டும், அதுவும் எடை பார்த்து.
சிவந்ததெல்லாம் சும்மா போகட்டும் என்றால்
மாதையனுக்குப் பொறுக்கவில்லை,
பந்தியில் பாதிப்பேரை எழுப்பிவிட்டதுபோல முகம்.

நேற்று ரசம்போன கண்ணாடியில்
என் இமையையும் இழுத்துப் பார்த்தேன்.
அதை அப்புறம் பேசலாம்.

மண்டிக்காரர் சிரிப்புக்குத்தான் சீட்டு எழுதித் தந்தார்.
மருந்து பாட்டிலோடு
ரப்பர் போட்டு வைத்திருக்கிறேன்:

சரக்கு – குள்ளச்சி
எடை – 27.600
கழிவு – இல்லை