முப்பது சென்டிமீட்டர்

கடல் கொண்டுவந்து போட்ட மரம்.
சைபீரியாவில் எந்த ஆற்றில் நழுவியதோ,
பனிப்பாளத்தோடு ஒட்டிக்கொண்டு
நாலைந்து வருஷம் மிதந்து
எங்கள் கரையில் ஒதுங்கியிருந்தது.
ஸ்ட்ராந்திர் பக்கம் நட்டு வளர்த்த மரம்
என் இடுப்புக்கு வந்தால் பெரிது,
அதற்குமேல் காற்று விடாது.
படுத்துக்கொண்டு வருவதுதான் எங்களுக்கு மரம்.

உப்பு ஊறியது, ரம்பத்தின் பல்லைத் தின்னும்
என்றாள் மாக்னெயா.
தின்றது.

நான் தச்சன் இல்லை.
பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன்.
நேர்கோடு என்றால் எனக்குச்
சாலையோரத்து மஞ்சள் குச்சிகள்;
இந்தக் குச்சிக்கும் அந்தக் குச்சிக்கும்
நடுவில் போனால் சம்பளம் உண்டு.
பலகைக்கு அது போதவில்லை.

பக்கத்துக்கு ஒரு பலகை, கீழே ஒரு படி,
மேலே ஒரு தட்டு, எட்டுத் திருகாணி.
காகிதத்தில் அரைமணி நேர வேலை.
ஒரு ஞாயிறு போயிற்று, இன்னொன்றும் போயிற்று.
ஒரு முகத்தை மட்டும் இழைத்துவிட்டுச் சாய்வாய் அறுத்ததில்
இரண்டு பக்கமும் இடது பக்கமாகவே வந்து நின்றன.
"அப்பாவுக்கு ரெண்டும் இடது கால்"
என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தாள் ஸ்டெய்ன்வோர்.
மூன்று வயது. வீடு என்பது நாங்கள் இருவரும் பூனையும்தான்,
ஆனாலும் மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னாள்.

உயரம் எடுக்கக் கதவோரம் நிறுத்தினேன்.
கையை மேலே தூக்கச் சொன்னால்
குதிகாலையும் சேர்த்துத் தூக்கினாள்.
கண்டுகொள்ளாததுபோல் பென்சிலால் கீறினேன்.
கை கழுவும் தொட்டிக்கு என்று நான் நினைத்திருந்தேன்.
அவள் நினைத்தது வேறு.

டிசம்பரில் எங்கள் மலைக்குப் பின்னாலேயே
சூரியன் நடந்துபோய்விடும்.
பகல் என்று நாங்கள் சொல்வது ஒரு சாம்பல் நிறம்.
அப்போதெல்லாம் அறை அறையாய் நின்று
"விளக்கு!" என்று கத்துவாள்.
யாராவது எழுந்து போவோம்.
எழுந்து போகத் தாமதமானால்
இருட்டிலேயே நிற்பாள்,
அழமாட்டாள், அதுதான் தாங்காது.

உப்பு மரத்தை உப்புத்தாளால் தேய்த்தேன்,
அவள் கைபடும் விளிம்பெல்லாம் இரண்டு தரம்.
நக்கிப் பார்த்துக் "கடல்" என்றாள்.
ஒரு மூலை ஆடிற்று.
கிழிந்த மீன்பிடி பூட்ஸின் அடியில்
ரப்பர் வெட்டி ஒட்டினேன், ஆட்டம் நின்றது.
பூனை முதலில் ஏறி உட்கார்ந்து
இறங்க மறுத்தது.

செவ்வாய், விடிகாலை நாலரை.
வண்டியைக் கிளப்பிச் சரிவில் இறங்குகிறேன்,
கண்ணாடியில் எங்கள் சமையலறை
எரிந்தது. அணைந்தது.
எரிந்தது. அணைந்தது.
மின்சாரக் கோளாறு என்றுதான் முதலில் பட்டது.
பிறகு அந்தத் தாளத்தில் ஒரு பிடிவாதம் தெரிந்தது.
நிறுத்தினேன்.
பெரிய விளக்கை மூன்று தடவை போட்டு அணைத்தேன்.
அடுத்த வீட்டு நாய் எழுந்துகொண்டது.
அங்கிருந்து நான்கு தடவை பதில் வந்தது.
மூன்றுக்கு மேல் அவளுக்கு எண்ணத் தெரியாது,
நான்கு கையின் தவறாக இருக்கலாம்.

கணவாய் உச்சியில் போன் அடித்தது.
மாக்னெயா மெதுவாகப் பேசினால்
விஷயம் பெரிது என்று அர்த்தம்.
வாசல் கதவுக்கு அடியில் ஸ்டூல்.
மேல்தட்டில் இவள்,
பூட்ஸ் மாறிய கால்கள், ராத்திரிச் சட்டை,
கை தாழ்ப்பாளில்.
"எங்கே போறே?"
"வண்டிக்கு."

வெளியே மைனஸ் பதினொன்று.
என் கத்தியால் தள்ளிக்கொண்டுபோன பனி
சாலையின் இரு பக்கமும் கதவளவு நின்றது.
கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டுச்
சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இந்தச் சனிக்கிழமை
தாழ்ப்பாளைக் கழற்றி
ஒரு சாண் மேலே வைத்தேன்.
மருந்துப் பெட்டியும் மேலே போயிற்று, தீப்பெட்டியும்,
மாக்னெயா ஒளித்துவைக்கும் கறுப்பு மிட்டாயும்.
முப்பது சென்டிமீட்டர் நான் செய்து கொடுத்தேன்,
வீடு முழுக்க முப்பது சென்டிமீட்டர் ஏற்ற வேண்டியதாயிற்று.

திருகாணிகளை ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடுத்தது அவள்தான்,
மேல்தட்டில் நின்றபடி,
பழைய ஓட்டைகளில் விரல் விட்டுப் பார்த்தபடி.
நான்கில் மூன்றுதான் என் கைக்கு வந்தது.