பத்தொன்பது கிலோமீட்டர்

வண்டி செய்து விற்க
ஆயிரம் வழி போட்டு வைத்திருக்கிறார்கள்.
அது திரும்பி வர
ஒரு வழி போடத்தான் எனக்குச் சம்பளம்.

திரையில் தடா நீலப் புள்ளி,
கும்மிடிப்பூண்டி உலை சிவப்புப் புள்ளி,
நடுவே பத்தொன்பது கிலோமீட்டர்.
டன்னுக்கு இத்தனை ரூபாய் என்று
நாலு நொடியில் விடை வந்துவிடுகிறது.

எளாவூர்ச் சாவடியில்
பன்னிரண்டு நாளாய் நிற்கிறது
பெஞ்சலய்யாவின் லாரி.
மேலே நான்கு கார்கள்,
ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்து.
மூன்றுக்குக் காகிதம் சரி.
நான்காவது நெல்லூர்ப் பதிவு,
கடன் தீரவில்லை.
வங்கி ஏட்டில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

"செத்ததுக்கு ஏது மேடம் ஸ்டேட்டு"
என்று பாதி தெலுங்கில் கேட்டுவிட்டு
லாரிக்கடியில் கொதித்த ரசத்தை
எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினான்.

என் கணக்கில் ஒரு வரி உண்டு:
கசிவு, நூற்றுக்கு முப்பத்து நான்கு.
கிளம்பியும் உலைக்கு வந்து சேராதவை.
அதைத் தேடித்தான்
ஆரம்பாக்கம் சந்துக்குள் போனேன்.

மஸ்தான் வலி
செங்கல்லால் துருவைத் தேய்த்து
சேஸிஸ் எண்ணைக் கண்ணாடி போடாமல் படித்தார்.
என்ஜின் ஆயில் பாமாயில் டின்னில்
சொட்டிக்கொண்டிருந்தது.
கியர்பாக்ஸ் சூலூர்பேட்டைக்கு,
ரேடியேட்டர் விசிறி இறால் பண்ணைக்கு.
பின்சீட்டு டீக்கடைக்குப் போய்விட்டதாம்
(காலையில் அதில்தான் உட்கார்ந்திருந்தேன்,
ஸ்பிரிங் குத்தியது).

பேட்டரி அமிலம்?
அவர் பையனைப் பார்த்தார்.
பையன் வாய்க்காலைப் பார்த்தான்.
வாய்க்கால்
பழவேற்காட்டுப் பக்கமாய்ப் போய்க்கொண்டிருந்தது.

இரவு விடுதியில் கசிவைப் பிரித்தெழுதினேன்.
சீட்டுக்கு ஒரு பெயர் கிடைத்தது, மறுபயன்பாடு.
அமிலத்துக்குப் புதிதாய் ஒரு புள்ளி வைத்தேன்.
சேருமிடம் எது என்று மென்பொருள் கேட்டது.
பூநாரைகள் இறங்கும் நீர் என்று தட்டினால்
எண் மட்டும் தருக என்கிறது.

பதினான்காம் நாள் வங்கிக் கடிதம் வந்து
லாரி உலைக்குப் போனது.
எடைமேடையில் நாற்பது கிலோ குறைவு.
"நின்ன இடத்துல காத்து தின்னுருச்சு மேடம்,"
போனில் சிரிக்காமல் சொன்னான் பெஞ்சலய்யா.

கசிவுக் கட்டத்தில்
நான்கு சக்கரம் என்று போட்டேன்.

அன்றைக்கு அந்த ரசத்தில்
மிளகு கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.