ஒன்பது மணி

ஓட்டலில் சேர்ந்த அன்றே மீசையை எடுக்கச் சொன்னார்கள்.
சூப்புக் கிண்ணத்துக்கு மேலே மயிர் ஆகாதாம்.
கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருடம்
சர்தாரின் பிரம்புக்கும் தப்பித்த மீசை.
சிரைத்து முடித்ததும் பெரியதம்பி
கண்ணாடியைக் காட்டாமலே பெட்டியை மூடினான்.

அதன்பிறகு என் பெயர் பாய்.
நம் மொழியில் அது விரித்துப் படுக்கிற சாமான்,
இல்லாவிட்டால் வேட்டைநாய்க்குச் சொல்கிற வார்த்தை.
எனக்கு வயது முப்பத்தெட்டு.

டர்பன் வெஸ்ட் தெருவில் ஒரு சனிக்கிழமை
கப்பல் இறங்கிய வெள்ளையர் நாலுபேர்
பாய் என்று கூப்பிட்டார்கள்.
நானும் திரும்பினேன், ரிக்‌ஷா இழுக்கிற சூலுவும் திரும்பினான்.
அதுதான் அவர்களுக்குச் சிரிப்பு.
எந்தப் பாய் பெரிய பாய்
என்று ஒரு ஷில்லிங்கைப் புழுதியில் போட்டார்கள்.

அவனுக்குச் சிவப்புக் கரை வைத்த வெள்ளை உடுப்பு.
எனக்கும் வெள்ளைதான், பித்தளைப் பொத்தான்.
அவன் என்னைக் கூலி என்றான்.
நான் அவனைச் சொன்னது
கப்பல்துறையில் இறங்கியதும் முதலில் கற்ற சொல்.
இன்று அதை எழுதக் கை வரவில்லை.

ஷில்லிங்குக்காக அடித்தேன் என்று நினைக்காதே.
மேலுதட்டில் காற்றுப் பட்டது. அதற்காக அடித்தேன்.

அவன் பல் என் முட்டியில் இறங்கியது,
அவன் தலை என் விலாவில்.
விழுந்தவனை வெள்ளையர் எண்ணத் தொடங்கினார்கள்,
ஆறு, ஏழு,
நகரத்து மணியும் கூடச் சேர்ந்து எண்ணியது.

ஒன்பதுக்குப் பிறகு தெருவில் எங்கள் நிறத்துக்குச் சீட்டு வேண்டும்.
என் சீட்டு ஓட்டலில், ஆணியில் தொங்கும் கோட்டில்.
அவனிடமும் இல்லைபோல.
எழுந்து ஓடினான். நானும் ஓடினேன்.
ஒரே சந்து. கருவாட்டுப் பீப்பாய்களுக்குப் பின்னால்
தொடையோடு தொடை இடிக்கக் குந்தினோம்.
காவலனின் தடி சுவரைத் தட்டிக்கொண்டே போனது.
போனவன் முணுமுணுத்தது சூலுப் பாட்டு.
இவன் மூச்சை இன்னும் அடக்கினான்.

அப்புறம் என் கையை இழுத்து
முட்டியில் சிக்கியிருந்த பல்துண்டை
முள் எடுப்பதுபோல் எடுத்தான்.
இடுப்பில் முடிந்துகொண்டான். அவனுடையதுதானே.
பெயர் கேட்கவில்லை.

மறுநாள் ரெயில்வே லயத்தில்
வீங்கின கையில் சாராயத்தை ஊற்றி
ஆம்பளைடா என்றார்கள்.
ஒரே அடி, சாய்ந்தான் என்றேன்.
ஷில்லிங் எங்கே என்றான் தொப்புளான்.
அரிசிக்குப் போயிற்று என்றேன்.
மணி அடித்ததைச் சொல்லவில்லை.
சொன்ன கதையில்
எனக்கு மீசை இருந்தது.