இலேசான வேலை

வெள்ளாப்பில் மண்டூர்த் துறைக்கு வந்தபோது
பாதை இன்னும் அந்தக் கரையில் நின்றது.
இரண்டு மாதமும் பதினொரு நாளும் கழித்து
வேலைக்கு வருகிறேன்.

சங்கிலியைத் தொடாதே என்கிறது கடிதம்.
ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காதே என்கிறது.
அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்,
நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசையோடு.
இரண்டில் எது பாரமென்று புவிராணியிடம் கேட்டேன்.
"பகிடி விடாமப் போயிற்று வாங்க" என்றாள்,
படலைவரை வந்தாள்,
மறுகா ஒழுங்கைவரையும் வந்தாள்.

கரை தட்டமுன்னமே அழகேசன் கத்தினான்:
"வந்திட்டாண்டா, ஸ்பிரிங் போட்ட ஆள்!"
நின்ற சனமெல்லாம் திரும்பி என் நெஞ்சைப் பார்த்தது.
அங்கே பார்க்க ஒன்றுமில்லை.
மணிக்கட்டு வழியாகத்தான் விட்டார்கள்,
நுளம்பு கடித்த அளவு தழும்பு.

ஏறுபலகையை இறக்கப் போனேன்.
கைக்குக் கடிதம் வாசிக்கத் தெரியாது.
டிலுக்சன் முந்திவிட்டான். புதுப் பெடியன்.
கொக்கியைத் தட்டிச் சங்கிலியை விட்டான்.
படீர்.
அப்படி விடக்கூடாது.
கடைசி முழத்தில் பிடித்து இறக்கவேண்டும்,
மாடு படுக்கிற மாதிரி.
சொல்ல வாயெடுத்தேன்.
மூச்சை மிச்சம் பிடித்துக்கொண்டேன்.

எனக்குத் தந்தது ஒரு கொப்பி, ஒரு நீலப்பேனை.
மோட்டார் சைக்கிள் பதினாறு.
ஓட்டோ இரண்டு.
நெல்மூட்டையோடு லான்ட்மாஸ்டர் ஒன்று.
ஆட்கள்

எண்ணிக்கொண்டு போனவன்
இடது ஓரத்தில் நின்றுவிட்டேன்.
மூன்றாம் பலகை, ஆணி தலைதூக்கின இடம்.
அன்றிரவு என்னைக் கிடத்தினது இங்கேதான்.
பின்னேரம் நானே சாணி கழுவிவிட்ட பலகை,
ஈரம் காயவில்லை.

இருபத்திரண்டு வருடம் இதில் நின்றிருக்கிறேன்,
ஒருநாளும் படுத்ததில்லை.
நிற்கிறவனுக்குக் கரை வருவது தெரியும்.
கிடக்கிறவனுக்கு
எஞ்சின் சத்தம் மட்டும்தான் வரும்.
வானம் ஒரு விரற்கடைகூட நகரவில்லை.
பாதை கட்டிக்கிடக்கிறதென்றே நினைத்தேன்.
அழகேசனின் தாய் தகப்பனையெல்லாம் இழுத்து ஏசினேனாம்,
"ஓட்டுடா, ஓட்டுடா" என்று.
களுவாஞ்சிக்குடியில் கட்டிலில் ஏற்றும்வரை
நிறுத்தவில்லையாம்.
இத்தனை காலமும் எங்களை ஏசின சனங்களை
நானும் திருப்பி ஏசியிருக்கிறேன்.
அதில் எத்தனை பேர்
ஆரையாவது மடியில் கிடத்தியிருந்தார்களோ.

இன்றைக்கு அந்த இடத்தில் ஒரு ஸ்கூட்டி நிற்கிறது.
கொழுவியில் சோத்துப்பெட்டி,
சீற்றில் திருத்தாத விடைத்தாள் கட்டு.
"என்ன பாக்கிறீங்க? சறுக்குமா?"
"இல்ல டீச்சர். நல்ல இடம்.
ஆணி மட்டும் கவனம்."

நடு ஆற்றில் ஆத்துவாழை சிக்கி
எஞ்சின் இரண்டுதரம் இருமினது.
எல்லாரும் எஞ்சினைப் பார்த்தார்கள்.
அழகேசன் மட்டும் என்னைப் பார்த்தான்.
"போடா" என்றேன்.

முதலிலிருந்து எண்ணினேன்.
ஆட்கள் நாற்பத்தொன்று என்று எழுதினேன்.
திரும்ப எண்ணினால் நாற்பதுதான் வருகிறது.
வேலையாட்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.
டிலுக்சனைச் சேர்க்கவில்லை,
அழகேசனைச் சேர்க்கவில்லை.
ஆரையோ சேர்த்திருக்கிறேன்.

வெட்டுவதற்குப் பேனை மூடியைக் கழற்றுகிறேன்,
அதற்குள்
குருமன்வெளி.

படீர்.