மடிப்பில் நின்ற கொடிமரம்

அம்மாவின் பொத்தான் டப்பாவில்
அடித்தாளாக விரித்துக் கிடந்தது இந்தப் படம்.
எத்தனை வருடமோ. பித்தளை வட்டங்கள் பதிந்திருந்தன.

ஹோர்டன் துறைமுகம், சந்தேகமில்லை.
அந்தக் கல்வரிசையில்தான் நானும் தம்பியும்
பன்றி இறைச்சித் துண்டைக் கயிற்றில் கட்டி நண்டு பிடித்தோம்.
தாத்தா ஆன்டன் தொப்பியை உயர்த்திப் பிடித்திருக்கிறார்.
ஆறு வயது அம்மா அவர் முழங்காலோடு ஒட்டி.
பின்னால், வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு,
ஒரு போர்க்கப்பல்.

"நம்ம ஹாவ்யோர்ன்" என்றான் தொர்கைர்.
கடற்கழுகு என்று பொருள்.
தாத்தா அதன் வயிற்றில் கரி அள்ளிப் போட்டவர்,
அதன் மணி அடித்தால்தான் ஊரில் இலைக்கோசு வேகும்
என்றெல்லாம் கிறிஸ்துமஸ் மேஜையில் கேட்டு வளர்ந்தோம்.

நான் எண்ண ஆரம்பித்தேன்.
எண்ணாமல் இருந்திருக்கலாம்.

புகைபோக்கி இரண்டு. சரி.
முன்தளம் படத்துக்கு வெளியே.
நடுத்தளத்தில் என்னவோ, தார்ப்பாய் போர்த்தி.

அருங்காட்சியகத்தில் வென்கே
கடித்த ரொட்டியை ஓரம் வைத்தாள்,
விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு
பூதக்கண்ணாடி எடுத்தாள்.
அவளுக்குக் கப்பல்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி:
யார் எந்த வருடம் கூரை மாற்றினார்,
யார் யாரிடம் சொத்தை இழந்தார், எல்லாம் தெரியும்.

"உங்கள் கப்பல்தான்."
தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.
"கொஞ்ச காலம்" என்றாள் பிறகு.
நாற்பதில் ஜெர்மன்காரர்கள் பிடித்தார்கள்.
பழைய பீரங்கிகளைக் கழற்றி
விமானம் சுடும் குழல்களை நட்டு
கலாத்தேயா என்று பெயர் மாற்றி
அதே துறையில் கட்டிவைத்தார்கள்.
ஹாவ்யோர்னுக்குக் கொடிமரம் இரண்டு.
கலாத்தேயாவுக்கு ஒன்று.

இரண்டாவது நிற்க வேண்டிய இடத்தில்
படத்தின் மடிப்பு.
யாரோ நான்காய் மடித்து, சட்டைப்பையில் வைத்து
வெகுதூரம் நடந்திருக்கிறார்கள்.
வெள்ளையாய் ஒரு கோடு,
அதில் மரமும் இல்லை, வானமும் இல்லை.
கொடியையோ தாத்தாவின் தொப்பி மறைத்தது.

"அப்போ சொல்ல முடியாது" என்றான் தம்பி.
குரலில் அவ்வளவு நிம்மதி.

வென்கே கண்ணாடியை இறக்கினாள்.
கப்பலை விட்டு, கல்லுக்கு,
கல்லை விட்டு, அம்மாவின் காலுக்கு.
"மீன்தோல்" என்றாள்.
அடியில் மரம், மேலே மீன்தோல்,
செதில் இருந்த வரிசை தெரிகிறது பாருங்கள்.
மாட்டுத்தோலெல்லாம்
அவர்களின் பூட்ஸுக்குப் போன காலம்.
மழையில் ஊறினால் நாறுமாம்.

பிறகு நான் பார்த்தேன், எனக்காக மட்டும்.
அம்மாவின் கையில் உருண்டையாக ஒன்று.
"பந்து" என்றான் தொர்கைர்.
பந்தை யாரும் உரிப்பதில்லை.
கட்டைவிரல் பாதி உள்ளே போயிருக்கிறது,
தோல்சுருள் மணிக்கட்டில் தொங்குகிறது.

உருளைக்கிழங்குக்கே வரிசையில் நின்ற ஊரில்
ஆரஞ்சு எங்கிருந்து வரும்?
தெற்கிலிருந்து, கப்பலில்.
யார் கப்பலில்?

தாத்தா கப்பல்பட்டறையில் வேலை பார்த்தார்.
எல்லாரும்தான் பார்த்தார்கள், இருந்தது ஒரே பட்டறை.
குளிருக்குக் கரி வேண்டும்,
கதவைத் தட்டாத இரவுகள் வேண்டும்.
நான் நீதிபதி இல்லை.
பிரசவ மருத்துவமனையில் கணக்கெழுதுபவள்.

ஆனால் அம்மா
எங்களுக்கு ஆரஞ்சு உரிக்கும்போது
சன்னலைத் திறந்துவைப்பாள், ஜனவரியிலும்.
பனி உள்ளே வரும்.
ஒரு சுளை வாயில் போட்டுப் பார்த்ததில்லை.
வயிற்றுக்கு ஆகாது என்பாள்.

திரும்பும் வழியில், காரில்,
பின்பக்கம் ஹாவ்யோர்ன் என்று எழுதிவிடச் சொன்னான் தம்பி.
பேரப்பிள்ளைகளுக்கு அது போதும் என்றான்.
பென்சில் என்னிடம் இருந்தது.
சிவப்பு விளக்கில் நின்றோம்.

எழுதினேன்:
போர்கில். ஆறு வயது. புதுக் காலணி.