ஒரு கால் தூரம்

ஊறுகாய் பாட்டில் மூடி இறுகிவிட்டால்
கதவிடுக்கில் வைத்துத் திருகுவேன்.
முதுகில் எட்டாத ஊக்கைக்
கண்ணாடிமுன் கால்மணி நேரம் போராடி
நானே மாட்டுவேன்.
"வத்சலா மேடம் யாரையும் ஒண்ணு கேட்டதில்ல"
என்பார்கள் மண்ணடி ஆபீசில்,
இருபத்திரண்டு வருடமாக.
பாராட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பற்றும் வரவும் எழுதுகிற கை.
வாங்கியது எதுவானாலும்
எங்காவது ஒரு பக்கத்தில்
நிலுவையில் நிற்கும்.

நேற்று ராத்திரி பத்தே கால்.
மார்ச் கணக்கை முடித்துவிட்டு வருகிறேன்.
பேசின் பாலத்து ஏற்றத்தில்
ரெண்டு தரம் இருமிவிட்டு
நின்றுபோனது ஸ்கூட்டி.
முள் நாலு நாளாகவே சிவப்பில் படுத்திருந்தது.
நாளைக்கு, நாளைக்கு என்று நான்தான்.

தள்ளினேன்.
கீழே காலி ரயில் ஒன்று
விளக்கணைத்து யார்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.
பஸ், தண்ணி லாரி, மீன்பாடி வண்டி
எல்லாம் ஹாரனால் என்னிடம்
ஏதோ சொல்லிவிட்டுப் போயின.
என் கை ஒருமுறை உயர்ந்தது.
நெற்றி வேர்வையைத் துடைப்பதுபோல்
அதை மாற்றிக்கொண்டேன்.

அந்தக் கையைத்தான் பார்த்திருக்கிறான்.

"பெட்ரோலாக்கா?"
முதுகில் சாப்பாட்டுப் பெட்டி சுமந்த பையன்.
"இல்லப்பா, பக்கத்துலதான்" என்றேன்.
எது பக்கத்தில்?
நல்லவேளை, அவன் கேட்கவில்லை.
"ஒக்காருங்க. ஹேண்டில மட்டும் புடிங்க,
டோ பண்றேன்."

ரப்பர் செருப்புப் போட்ட இடது கால் ஒன்று
என் பின்மிதியில் வந்து ஊன்றியது.
நகர்ந்தேன்.
அவன் எஞ்சின் ரெண்டு பேருக்கும் சேர்த்து உறுமியது.
திருப்புவது நான், போவது அவன்.
நடுவில் ஒரு கால் தூரம்.

புளியந்தோப்பில் முதல் பங்க்
சங்கிலி கட்டிக் கிடந்தது.
"இங்கயே எறங்கிக்கறேன், பரவால்ல."
"அட, ஒக்காருக்கா."
ஆடுதொட்டி வாடை. துரத்திக் களைத்த நாய்கள்.
வேகத்தடை வந்தால் அந்தக் கால் விலகும்.
வண்டி தயங்கும்.
திரும்பிப் பார்க்கக் கூசும் எனக்கு.
பிறகு மெல்ல வந்து தொடும்.
மூன்று வேகத்தடை;
மூன்று முறையும் போய்விட்டான் என்றே நினைத்தேன்.

பக்கக் கண்ணாடியில் பார்த்தால்
ஒரு கண்ணை மூடியே வருகிறான்.
கண்ணடிக்கிறானோ என்று ஒரு கணம்,
இந்த நாற்பத்தேழு வயதிலும்,
தோள் இறுகியது.

ஓட்டேரியில் வெளிச்சம். பங்க்.
நாலாய் மடித்த நூறு ரூபாயை நீட்டினேன்.
தலையை ஆட்டினான்.
ஆனால் போகவில்லை.
ஆக்சிலேட்டரைத் திருகிக்கொண்டே நின்றான்.
"அக்கா..."
"என்னப்பா?"
"ஒண்ணுமில்ல."

அந்த ஒண்ணுமில்ல எனக்குத் தெரியும்.
இருபத்திரண்டு வருடமாக
நான் சொல்லிவரும் அதே ஒண்ணுமில்ல.

"சொல்லு."
"கண்ணுல பூச்சிக்கா. பாலத்து மேலயே வுழுந்துச்சு.
கொஞ்சம் பாக்குறீங்களா?"

அவ்வளவு தூரமும் ஒற்றைக் கண்ணில்!

தேய்க்காதே என்றேன்.
மேல பாரு. கீழ பாரு.
முட்டியை மடக்கிக் குனிந்தான்.
போன் வெளிச்சத்தில்
கீழிமையை இழுத்துப் பிடித்தேன்;
கைக்குட்டை நுனியைத் தண்ணீரில் நனைத்து
மூச்சை அடக்கி ஒற்றினேன்.
அவன் முதுகில் யாருடைய பிரியாணியோ
ஆறிக்கொண்டிருந்தது.
சட்டைப்பையில் போன் அடித்தது.
பார்க்காமலே எடுத்தான்.
"எபி, எங்கடா இருக்க?" என்றது ஒரு பெண்குரல்.
"இங்கதான். ஒருத்தவங்க
கண்ணு பாத்துனுருக்காங்க."

வந்துவிட்டது.
கடுகில் பாதி, பச்சை இறகு.
ரெண்டு கண்ணிலும் தண்ணீர் ஊற்ற
"அழுவலக்கா" என்று சிரித்தான்.
"தெரியும் போ" என்றேன்.

போனான்.
நன்றி என்று அவனும் சொல்லவில்லை,
நானும் சொல்லவில்லை.

பங்க் பையன் எவ்வளவு என்றான்.
ஃபுல் டாங்க் என்று சொல்ல வாயெடுத்து
வழக்கம்போல் நூறுக்கு என்றேன்.
அதே நோட்டு.
முள் சிவப்பைவிட்டு
மயிரிழை எழுந்தது.

பின்மிதியில் அவன் செருப்பு மண்
அப்படியே இருக்கிறது.
துடைக்க வேண்டும்.
நாளைக்கு, நாளைக்கு.