வெல்லம்பிட்டி, இரவு இரண்டு மணி

ஆற்றங்கரை விளக்குக் கம்பத்தில் சிவப்புக் கோடு.
நிமலசிறி வீட்டு கேற்றுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற்.
தண்ணீர் அதைத் தொட்டால்
ஒழுங்கை முழுக்க எழும்பவேண்டும்.

'தண்ணி' என்று கத்துவதா, 'வத்துர' என்றா,
கூட்டத்தில் அரை மணித்தியாலம் இதிலேயே போனது.
ஜெஸீமா தன் வெறும் காஸ் சிலிண்டரை
உருட்டிக்கொண்டு வந்தாள்:
"இதில அடிங்க.
விடிஞ்சா எனக்குத் திருப்பித் தரணும்."

இப்போது என் முறை.
டோர்ச் வெளிச்சத்தில் களனி
ஒற்றைச் செருப்பொன்றைக் கொண்டுபோகிறது,
கோட்டுக்கு நாலு விரல் கீழே.

மூன்று மணிக்காரன் பாக்கியராசா
முன்னதாகவே வந்து நிற்கிறான், குடையோடு.
மதில் வழக்குப் போட்டதிலிருந்து
என்னோடு கதையில்லை.

மழை.
மூன்று விரல்.
பிறகு இரண்டு.

ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு
இரண்டு வருசத்தில் முதன்முதலாய்க் கேட்டான்:

"அடிப்பமா?"